வைஷாலி பூட்ஸ் போடாத அரையிறுதி

மேட்ச் நாள் நம்மை ஒன்றும் செய்யாது. மேட்ச்சுக்கு முந்தைய வாரம்தான் ஆளைத் தின்றுவிடும். காரைக்குடியிலும் கோவையிலும் உடற்கல்வி படித்துவிட்டு இந்தப் புனேயில் பெண்கள் கால்பந்து அணிகளுக்குப் பயிற்சியாளராக வந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து, "மேடம், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். நான் உட்கார்ந்து எழுதுகிற ஜென்மம் இல்லை. இதையே பாதி நின்றுகொண்டு, பாதி சமையலறை மேடையில் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் "ரிட்டயர் ஆனதாச்சும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

டிரில், ஃபார்மேஷன், யாரை எவ்வளவு ஓட வைப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் போனிலேயே எல்லாம் இருக்கிறது. போனில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண் உங்கள் முன்னால் வந்து நின்று, "மேடம், நீங்க சொன்னா செய்யறேன்" என்பாள். கேட்க அவ்வளவு இனிமையாக இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் வாய் சும்மா இருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பணிக்காலம் மொத்தமும் பிடித்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய பருவம் அது. எங்கள் கல்லூரிப் பெண்கள் அணி அதுவரை மண்டலப் போட்டியில் அரையிறுதியை எட்டிப் பார்த்ததே இல்லை. அந்த வருடம் எட்டிவிட்டது. காரணம் இரண்டு பேர். ஒருத்தி காப்டன் காவ்யா. கோயமுத்தூர்க் குடும்பம், இங்கே கோந்த்வாவில் ஃபிளாட், அப்பா ஐ.டி. கம்பெனியில். என்னிடம் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடிப்பாள். ஆனால் அவள் தமிழ் நடுவில் ஹிந்தியில் இறங்கி, கொஞ்ச தூரம் போய், மறுபடி தமிழில் ஏறிக்கொள்ளும். டிஃபென்ஸ் முழுவதும் அவள் தொண்டையில் ஓடியது. அவ்வளவு கத்துவாள்.

இன்னொருத்தி வைஷாலி. கோல் அடிப்பவள். மராத்திப் பெண். ஊருக்கு வெளியே சாகணில், மோட்டார் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் அக்கா புருஷனும் அக்காவும் இருக்கும் வீட்டில் தங்கி, அங்கிருந்து இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு வருவாள். பிடிவாதமாக அவளைப் படிக்க வைத்தவள் அக்கா. முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவளும் அக்காதான். களத்துக்கு வெளியே வைஷாலி இருக்கிற இடம் தெரியாது. பந்து காலுக்கு வந்துவிட்டால் எதிரணிக்கு அவள் இருக்கிற இடம் தெரியாது.

அரையிறுதியில் ஜெயித்தால் மண்டலங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகலாம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அங்கேதான் வந்து உட்காருவார்கள். காவ்யாவுக்கு அது கடைசி வருடம். இன்னும் சிலருக்கும் அப்படித்தான். அதனால் அந்தப் பெண்கள் எப்போது பார்த்தாலும் அந்த மேட்ச்சைப் பற்றியே பேசினார்கள். கான்டீனில் வடாபாவைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் பேசினார்கள். நான் மட்டும் என்ன, ராத்திரி சப்பாத்திக் கட்டையை எடுத்தால் மாவில் ஃபார்மேஷன் போட்டுப் பார்த்தேன்.

அப்புறம் மழை பிடித்தது. விடைபெற்றுப் போக வேண்டிய மழை போகிற போக்கில் மைதானத்தைக் குளமாக்கிவிட்டது. அரையிறுதியைத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்த தேதி நவராத்திரிக்கு நடுவில் போய் விழுந்தது.

இந்த ஊர் நவராத்திரி உங்களுக்குப் புதிதாக இருக்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம். பேங்கில், பஸ்ஸில், ஆபீஸ் லிஃப்டில் எங்கே பார்த்தாலும் பெண்கள் அன்றைய நிறத்தில் நிற்பார்கள். அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒன்பது நாளும் காலில் எதையும் போடாமல் இருப்பது. நம் ஊரில் ஐயப்பனுக்கு மாலை போட்ட போலீஸ்காரர் காக்கி உடுப்போடு வெறுங்காலில் நின்று டிராஃபிக்கை ஒழுங்குபடுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிதான் இதுவும். கழுத்தில் கம்பெனி அட்டை, முதுகில் லேப்டாப், காலில் ஒன்றும் இருக்காது.

நவராத்திரி முதல் நாள் பயிற்சிக்கு வைஷாலி வெறுங்காலில் வந்தாள்.

"பூட்ஸ் எங்கே?" என்றேன்.

"போட மாட்டேன் மேடம். ஒம்பது நாளைக்கு."

நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வைஷாலி விளையாட்டுக்குப் பேசுகிற பெண் இல்லை என்பது அடுத்த நொடியே உறைத்தது. சுற்றி நின்ற பெண்களுக்கும் உறைத்திருக்க வேண்டும். காவ்யா பந்தைக் கீழே போட்டுவிட்டு, "மேடம், இவ க்யா போல்றா, கேட்டீங்களா?" என்றாள்.

மற்றவர்களை ஓட அனுப்பிவிட்டு அவளைப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனேன். அவள் மராத்தியில்தான் பேசினாள். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். "யாருக்கும் சொல்லாதீங்க மேடம். வேண்டுதலை வெளிய சொன்னா பலிக்காதுன்னு சொல்லுவாங்க. உங்ககிட்ட பொய் சொல்ல வரலை, அதனால சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். அவள் அக்கா கர்ப்பமாக இருந்தாள். மாதம் நெருங்கிவிட்டது. போன தடவை ஆறாம் மாதத்தில் கலைந்துபோனது. இந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று இவள் ஆவணியிலேயே தேவியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்கே தெரியாது.

"மேட்ச் எல்லாம் அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்னு கணக்குப் போட்டுத்தான் மேடம் வேண்டிக்கிட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள் மேலா, மழை மேலா, தேவி மேலா என்று தெரியவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. என் மாமியார் இருந்தவரை விளக்கேற்றினேன், அவ்வளவுதான். ஒரு பெண் கோல் அடிக்கிற காலைக் கட்டிப் போட்டுவிட்டு எந்தத் தெய்வம் பிரசவம் பார்க்கப் போகிறது என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் என்னை நானே துரத்திக்கொண்டு அலைந்தேன். முதலில் ரெஃப்ரி ஒருவருக்கு போன் போட்டேன். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு ஆட விடுவீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். காலணி இல்லாமல் களத்தில் இறங்க விதியில் இடமில்லை என்று எனக்கே பாடம் எடுத்தார். தெரிந்த விதிதான், பதற்றத்தில் கேட்டுவிட்டேன். பிறகு போட்டிக் குழுவிடம் போய், தேதியைத் தசரா தாண்டித் தள்ள முடியுமா என்று கேட்டேன். அப்புறம் பரீட்சை வருகிறது, மைதானம் கிடைக்காது என்றார்கள். "ஒரு பொண்ணு செருப்பு போடலைங்கறதுக்காகவா?" என்று ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அணியில் மொத்தம் பன்னிரண்டு பேர்தான் தேறினார்கள். இரண்டு பேருக்கு டெங்கு, ஒருத்திக்கு ஊரில் கல்யாணம். வைஷாலி இல்லாவிட்டால் சரியாகப் பதினொன்று. யாருக்காவது கால் பிசகினால் மாற்று ஆள் கிடையாது. இது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. தினமும் யாராவது ஒருத்தி வைஷாலியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பிப்பாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பந்துகளைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருப்பாள்.

பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் நோட்டீஸ் போர்டில் கோப்பைப் படம் பார்க்க ஆசைப்படுகிறவர். "ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம் பூட்ஸ் போடச் சொல்லுங்க. உங்க பேச்சை மீற மாட்டா" என்றார். அது உண்மை என்பதுதான் சிக்கல். வைஷாலி என் பேச்சை ஒருநாளும் மீறியதில்லை.

இதற்கு நடுவில் காவ்யா வீட்டுக் கொலு. அவள் அம்மா அணி முழுவதையும் கூப்பிட்டிருந்தார். மராத்திப் பெண்களுக்குப் படியில் அடுக்கி வைத்த பொம்மைகளைப் பார்த்து ஒரே குஷி. கொண்டைக்கடலைச் சுண்டலை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். வீட்டுக்குள் எல்லோரும் வெறுங்காலில்தானே இருப்போம்? அந்த அரை மணி நேரம் வைஷாலியும் மற்றவர்களும் ஒரே மாதிரி இருந்தார்கள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

காவ்யாவின் அம்மா சும்மா இருக்கவில்லை. அவர் நல்ல எண்ணத்தோடுதான் வைஷாலியைப் பக்கத்தில் உட்கார வைத்தார். என்னைப் பார்த்து, "ஏனுங்க மேடம், இதுக்குப் போய் இத்தனை யோசிப்பாங்களா? மஞ்சத் துணியில ஒரு ரூவாக் காசை முடிஞ்சு சாமிகிட்ட வெச்சுட்டா ஆச்சுங்களே. அப்புறமாப் போய்ச் செலுத்திக்கலாம். அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாளுங்க" என்றார். பிறகு மகளிடம், "கண்ணு, நீ அவளுக்கு ஹிந்தியில சொல்லு" என்றார்.

காவ்யா சொன்னாள். அம்மா சொன்னதற்கு மேலேயும் சேர்த்துச் சொன்னாள். கடைசி வருடம், ஒரே வாய்ப்பு, இத்தனை பேரின் உழைப்பு என்று அடுக்கினாள். பெண்கள் எல்லோரும் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வைஷாலியைச் சுற்றி நின்றார்கள். அவள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. என்னை ஒரு முறை பார்த்தாள். காரணத்தை நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்து பார்த்தாள்.

"போதும், நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். அடுத்தவர் வீட்டுக் கொலு முன்னால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுதான். பக்கத்து ஃபிளாட்டிலிருந்து பாட்டுப் பாட வந்திருந்த அம்மாள் பாதியில் நிறுத்திவிட்டார். "இனிமே பூட்ஸ் பத்தி இவகிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசறவங்களும் இவளோட பக்கத்துல பெஞ்ச்ல உக்காரலாம்" என்றேன்.

கிளம்பும்போது வாசலில் செருப்புக் குவியல். எல்லோரும் குனிந்து அவரவர் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வைஷாலி அந்தக் குவியலைத் தாண்டி நேராக நடந்து லிஃப்டுக்குப் போனாள். காவ்யா என்னிடம் வந்து, "மேடம், நீங்க சொன்னா அவ மானேகி, கேட்டுப்பா. நீங்க ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க, ஏன்?" என்றாள். "வீட்டுக்குள்ள போ" என்றேன். அவள் கண்ணில் அன்றே நான் பாதி செத்துப்போனேன்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். திருச்சியில் நான் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் எங்களுக்கு ஒரு கோச் இருந்தார். அவர் இல்லாவிட்டால் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன்; அந்த நன்றி இன்றும் உண்டு. ஒரு முக்கியமான மேட்ச் அன்று என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கோச்சிடம் போய்ச் சொன்னேன். "நீ வந்து ஆடு. உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். அவ்வளவு தைரியமாகச் சொன்னார். நானும் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஜெயித்தோம். கோச் எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துவிட்டு சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் என் வீட்டுக்குப் போனேன்.

வந்தவர்கள் காத்திருந்து எழுந்து போயிருந்தார்கள். அந்த மாப்பிள்ளை போனதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. படத்திலேயே முகத்தை உர்ரென்று வைத்திருந்தார். ஆனால் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டு வைத்தால் சாப்பிடுவார், நான் அறைக்குள் வந்தால் எழுந்து போவார். பொங்கல் வந்து போன பிறகுதான் அவர் வாயிலிருந்து என் பெயர் வந்தது. கோச் பேசவே இல்லை. மறந்துவிட்டார். அவருக்கு அது ஒரு மேட்ச். உத்தரவு போட்டவர் மேட்ச் முடிந்ததும் தன் வீட்டுக்குப் போய்விடுவார். அதற்கான பலன் ஆட்டக்காரியின் வீட்டில்தான் போய் உட்கார்ந்திருக்கும். கொலு முடிந்து காவ்யா வீட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

அரையிறுதி அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. அத்தனை நாள் பெய்த மழை எங்கே போனதோ, களத்தில் செம்மண் பொரிந்துகொண்டிருந்தது. எதிரணி நகரின் மறுகோடியில் இருக்கும் கல்லூரி. உயரமான பெண்கள். வைஷாலி இல்லாமல் எங்கள் பதினொரு பேர் இறங்கினார்கள். அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்ச் பக்கத்தில் நின்றாள். எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் நிரப்பி வைத்தாள். சுடுகிற மண்ணில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். நான் கோட்டோரமாக அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்ததில் லைன்ஸ்மேன் எரிச்சலாகி, பெஞ்ச்சில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். இரண்டாம் பாதியில் ஒரு கார்னரில் காவ்யா தலையால் முட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். டிஃபென்ஸில் ஆடும் பெண் மறுகோடி வரை ஓடிப் போய் அடித்த கோல். அவள் ஓடி வந்து யாரைக் கட்டிக்கொண்டாள் தெரியுமா? கோட்டுக்கு வெளியே நின்ற வைஷாலியை. ஒரு வாரமாக அவளோடு சரியாகப் பேசாதவள், அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் எங்கள் இடது பக்க டிஃபென்ஸ் பெண் கணுக்கால் மடங்கி விழுந்தாள். வீங்கியது கண்ணுக்கே தெரிந்தது. தூக்கி வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தோம். உள்ளே பத்துப் பேர். மாற்று ஆள் இல்லை. அதாவது, இருக்கிறாள், வெறுங்காலில்.

களத்தின் நடுவிலிருந்து காவ்யா கத்தினாள். "வைஷூ, ப்ளீஸ்! ஏக் பார், ஒரே தடவை!" பெண்கள் எல்லோரும் ஆட்டத்தை விட்டு எங்கள் பக்கமே பார்த்தார்கள். ரெஃப்ரியும் பார்த்தார். திரும்பினால் வைஷாலி பையைத் திறந்திருந்தாள். அதில் அவளுடைய பூட்ஸ் இருந்தது. துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள். சாக்ஸையும் சுருட்டி உள்ளே வைத்திருந்தாள். வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு, நாடாவைத் தளர்த்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா போட்டுக்கறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், "போடு" என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு காசு செலவில்லை. சாமி இல்லை என்று நினைக்கிறவளுக்குப் பாவம் எங்கே வந்து ஒட்டப் போகிறது? அவள் இறங்கினால் ஐந்து நிமிடத்தில் ஒரு கோல் வரும் என்று எனக்குத் தெரியும். காவ்யாவின் கடைசி வருடம், மற்ற பெண்களின் ஆசை, என் ஆசை, நாற்காலியில் காத்திருக்கும் பிரின்சிபால் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வரிசையில் நின்றன. ரெஃப்ரி கையைக் காட்டி, என்ன முடிவு என்று கேட்டார்.

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஆடுவதற்கு அவள் அனுமதி கேட்கவில்லை. அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது தன் தலையில் விழாமல் இருக்க ஒரு இடம் கேட்டாள். அந்த இடத்தை நான் கொடுப்பதாக நடிக்கலாம். கொடுக்க முடியாது. நான் ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போய்க் காபி போட்டுக் குடிப்பேன். அவள் சாகணுக்கு, அந்த அக்காவின் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "நீயாப் போட்டுக்கிட்டு இறங்கினா தடுக்கவும் மாட்டேன். சந்தோஷமா இறக்கி விடுவேன். ஆனா என் வாயால வராது வைஷாலி."

அவள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். அவள் நாடாவை மறுபடி இறுக்கிக் கட்டி, பூட்ஸைப் பையில் வைத்து மூடினாள். அப்புறம் எழுந்து நின்று காவ்யாவுக்கு இணையாகக் கத்த ஆரம்பித்தாள். யார் எங்கே ஓட வேண்டும், யார் பின்னால் ஆள் வருகிறது என்று கோட்டோரமாக வெறுங்காலில் ஓடி ஓடிக் கத்தினாள். அவ்வளவு சத்தம் அவளிடம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பத்துப் பேர் வெகு நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர். எங்கள் இடது பக்கம் ஆள் இல்லை. அந்த வழியாகத்தான் பந்து உள்ளே போனது. தோற்றுவிட்டோம்.

காவ்யா கையில் கட்டியிருந்த காப்டன் பட்டையைக் கழற்றி என் காலடியில் போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வரும் பஸ்ஸில் அடி பட்ட பெண் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகினாள். பிரின்சிபால் மறுநாள், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. மொட்டை மாடியில் நடந்தேன். சரியாகத்தான் செய்தேன் என்று ஒரு சுற்று நடப்பேன், பிடிவாதம் பிடித்த கிழவி என்று என்னையே திட்டிக்கொண்டு அடுத்த சுற்று நடப்பேன். காவ்யா எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிப் போனாள். வயிற்றெரிச்சலாக இருந்தது. அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

தீபாவளி விடுமுறைக்கு முன்னால் வைஷாலி கல்லூரிக்கு வருவது நின்றது. விசாரித்தேன். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாலு நாள் இருந்தது. அப்புறம் இல்லை.

இதைக் கேட்டதும் சாகணுக்குப் போகக் கிளம்பினேன். கல்லூரி வாசலில் காவ்யா ஸ்கூட்டியோடு நின்றாள். அவளுக்கும் செய்தி தெரிந்திருந்தது. என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் பின் சீட்டைத் தட்டிக் காட்டினாள். அவ்வளவு தூரமும் லாரிகளுக்கு நடுவில் போனோம்.

இரண்டாம் மாடியில் சின்ன வீடு. உள்ளே அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வைஷாலி எங்களை மாடிப்படிக்கு அழைத்து வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். படியில் உட்கார்ந்தோம்.

"வேண்டுதல் இதுக்காகத்தான்" என்று காவ்யாவிடம் அவளே சொன்னாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை. காவ்யா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு உள்ளே குமைந்தது. எந்தத் தேவிக்காக அந்தச் சுடுமண்ணில் நின்றாய் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. என் அவநம்பிக்கை ஜெயித்துவிட்டது. அந்த மாதிரி வெற்றி யாருக்கும் வரக் கூடாது.

வைஷாலிதான் பேசினாள். "மேடம், அன்னிக்கு நீங்க சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேன்."

"தெரியும்" என்றேன்.

"ஜெயிச்சிருப்போம்."

"ஆமா."

"ஆஸ்பத்திரியில பாப்பா போனப்போ, நான் முதல்ல என்ன நினைச்சேன் தெரியுமா? நான் ஒண்ணும் பண்ணலைன்னு நினைச்சேன். என்னால இல்ல, நான் சொன்னபடி இருந்தேன்னு. அதை நினைச்சுக்கிட்டுத்தான் அக்காவைப் பிடிச்சுக்கிட்டேன். அன்னிக்கு மட்டும் பூட்ஸ் போட்டிருந்தா, அக்கா முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் மேடம்? நீங்க சொல்லித்தான் போட்டேன்னு சொன்னா அது எனக்குப் போதுமா?"

நான் அழுதேன். காவ்யா தன் தமிழைத் தேடித் தேடி, "எனக்குத் தெரியாது மேடம். எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்படி ஆகும் என்று தெரிந்து நான் அன்று வாயை மூடவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. குழந்தை நன்றாகப் பிறந்திருந்தால் காவ்யா இன்றுவரை என்னை மன்னித்திருக்க மாட்டாள். அதையும் நான் தாங்கிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து அக்கா, "வைஷூ" என்று கூப்பிட்டாள். வைஷாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அக்காவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவள் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்தி, நேராகப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.